எண்பத்தேழு மார்க்

மத்திகிரி
21.11.2004

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

அண்ணன் வெள்ளைச்சாமி எழுதுவது. உயிரோடு எழுதுவது என்று சேர்த்துக்கொள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கிறேன் என்றாயே, வைத்தாயா? இருபத்தாறு வருஷம் ராஜபாளையம் மில் சத்தத்தைக் கேட்ட காது, இனி எதையும் கேட்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் மெஷின்தான் என்ன செய்யும். போனில் உன்னால் பேச முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கை இன்னும் நடுங்குகிறது. கோழிக் கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

எட்டாம் தேதி பெங்களூரில் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. ஈ.எஸ்.ஐ.யிலிருந்து அனுப்பினார்கள். எங்கள் கம்பெனியில் தண்ணீர் பைப் அடைத்துக்கொண்டால் இரும்பு அடிக்கிற ஹேமர் மெஷினை நிறுத்தமாட்டோம், பக்கத்தில் இன்னொரு பைப் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடுவோம். அதையேதான் எனக்கும் செய்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே இருந்த ரத்தக்குழாயை உருவி நெஞ்சில் தைத்திருக்கிறார்கள். கால் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று உன் மதினி ராஜலட்சுமி கேலி செய்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், மலைத்துப்போவாய். ஒன்றரை மணி நேரம் என் நெஞ்சை நிறுத்தி வைத்திருந்தார்களாம். நெஞ்சு நின்றால் ஆள் போய்விட்டான் என்றுதானே நாம் சொல்வோம். அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று டாக்டரைக் கேட்டேன். "மெஷின்ல இருந்தீங்க" என்றார். எத்தனையோ மெஷினில் நான் இருந்திருக்கிறேன், இப்படி இருந்ததில்லை.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த ஆறாம் மணி, பன்னிரண்டாம் மணி, இருபத்துநாலாம் மணி என்று ரத்தம் எடுத்தார்கள். ஏதோ ஆராய்ச்சியாம். ரத்தத்தில் மார்க் போட்டு, யார் எத்தனை காலம் இருக்கிறார்கள் என்று ஐந்து வருஷம் பார்ப்பார்களாம். எனக்கு எவ்வளவு என்று கன்னடத்தில் "எஷ்டு மார்க்ஸ் சிஸ்டர்?" என்று கேட்டேன். அட்டையைப் பார்த்து "எம்பத்தேளு" என்றாள். எண்பத்தேழு. "ஜாஸ்தி இதே", அதிகமாகவே இருக்கிறது என்று வேறு சொன்னாள். ஜாஸ்தி என்றால் யாருக்குக் கசக்கும்?

பக்கத்துக் கட்டில் ராமப்பன், தொரப்பள்ளிக்காரர், கிரானைட் பட்டறையில் கல் தூக்குகிறவர். பாவம், அவருக்குப் பதினொன்றுதான். மார்க் என்றால் என்ன என்று அவருக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சுப்ரியாவுக்கு மாமாவின் ஆசி. பதில் போடு.

உன் அண்ணன்,
எண்பத்தேழு மார்க் வெள்ளைச்சாமி


ராஜபாளையம்
1.12.2004

அன்புள்ள அண்ணனுக்கு ராசாத்தி எழுதியது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது, படித்ததும் மீதி வந்தது. இங்கே நான் சுகம். காது மெஷினைப் பீரோவில் வைத்திருக்கிறேன். அது காக்கா கத்துவதை மட்டும் நன்றாகக் கேட்டுச் சொல்கிறது.

எண்பத்தேழு என்றதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்புக் கணக்கில் பன்னிரண்டு வாங்கின உங்கள் பேப்பரை அப்பா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்தது யார் என்று நினைவிருக்கிறதா? புத்திக்கு வராத மார்க் ரத்தத்துக்கு வந்திருக்கிறது. என்னவோ, எங்கேயாவது வந்ததே.

உங்கள் கடிதத்தை அப்படியே மதுரைக்கு சுப்ரியாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவளுக்கு மாமாவின் மார்க் தெரிய வேண்டாமா?

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும். ஊறுகாய் பக்கம் கை போகக் கூடாது.

பாசமுள்ள தங்கை,
ராசாத்தி


மதுரை
9.12.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

சுப்ரியா நலம். நீ கடிதத்தை உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

மாமா எழுதியிருப்பது மார்க் இல்லை அம்மா, மார்க்கர். அடையாளம் என்று வைத்துக்கொள். நெஞ்சுச் சதையில் அடிபட்டால் அதற்குள் இருப்பது ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்தது என்பதுதான் அந்த எண். ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ராமப்பன் என்கிறவருக்குப் பதினொன்று என்றால் அவர் நன்றாகத் தப்பியிருக்கிறார். மாமாவுக்குத்தான் அதிகம். இவ்வளவு ஏறினவர்களில் நிறையப் பேர் முதல் வருஷத்திலேயே போய்விடுகிறார்கள் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார்.

ஆனால் அது நூறு பேரை வைத்துச் சொல்கிற பேச்சு. அந்த நூறில் மாமா எந்த ஆள் என்று ரத்தத்துக்கும் தெரியாது. மாத்திரை விடக் கூடாது, தினமும் நடக்க வேண்டும், உப்பு குறைய வேண்டும், கனம் தூக்கவே கூடாது. இவ்வளவும் செய்தால் நாள் நீளும்.

எனக்குத் தினமும் நாற்பது டியூப் வருகிறது. முகம் தெரியாது, நம்பர்தான். மூடியிருக்கிற நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று ஒரு துளி வெளியே வந்து சொல்கிறதே என்று எனக்கு ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த ஆச்சரியத்தில் அழுகை வந்தது.

மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீதான் முடிவு செய்ய வேண்டும்.

உன் மகள்,
சுப்ரியா


ராஜபாளையம்
3.1.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். மார்கழிக் குளிர், கைவலி, அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நீங்கள் சுகமா? மூச்சு வாங்காமல் படி ஏறுகிறீர்களா?

சுப்ரியாவுக்கு உங்கள் மார்க்கைப் பார்த்து அழுகையே வந்துவிட்டதாம். அவ்வளவு பெரிய மார்க்.

அதனால் ஒரு விஷயம். முதல் மார்க் வாங்கினவன் மேல்தான் ஊர்க் கண் முழுக்க விழும். நான்கூடத் தெருவில் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே உங்கள் போட்டோவுக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், ஒரு நெடிகூட வரவில்லை. அத்தனை திருஷ்டி. இங்கே கேட்டுப் பார்த்ததில் பரிகாரம் சொன்னார்கள். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறக் கூடாது. விடிந்ததும் மூன்று மைல் நடக்க வேண்டும். உப்பில் பாதி. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. ஹேமர் பக்கம் போகவே கூடாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டு வாங்குங்கள். ஒன்று தவறினாலும் மார்க் இறங்கிவிடும்.

என் மேல் ஆணை. சிரிக்க வேண்டாம்.

தங்கை,
ராசாத்தி


மத்திகிரி
12.2.2005

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் சுப்ரியாவும் நலம்தானே?

பரிகாரம் சொன்ன அந்த ஆள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவரா? டாக்டர் சொன்னதையே சொல்லியிருக்கிறார். ஆனால் டாக்டர் சொன்னபோது எனக்கு ஏறவில்லை, நீ ஆணையிட்டதும் ஏறிவிட்டது. தினமும் மாட்டுப் பண்ணை வேலி ஓரமாக நடக்கிறேன். பண்ணை மாடுகளுக்கு என்னைத் தெரிந்துபோய்விட்டது. கம்பெனியில் டூல் ஸ்டோர் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இருபது வருஷம் ஹேமர் அடித்தவன் இப்போது ஸ்பேனருக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன்னால் வந்த வினை. உன் மதினி சமைப்பதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. மருந்து சாப்பிடுகிறோமா சோறு சாப்பிடுகிறோமா என்று தெரியவில்லை.

ராமப்பனைத்தான் பார்க்க முடியவில்லை. வேலைக்குப் போகவில்லை. நான் போனால் எழுந்து நிற்கிறார், பெரிய மார்க் வாங்கினவன் என்று. "பெயிலானவன் எத்தினி நாளைக்குண்ணா?" என்று கேட்கிறார். அவரைவிட ஆறு பங்கு, ஏழு பங்கு கூட வாங்கிவிட்டு என்ன ஆறுதல் சொல்ல?

அண்ணன்,
வெள்ளைச்சாமி


ராஜபாளையம்
24.2.2005

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். நீங்கள் நடப்பது அறிந்து நிம்மதி.

ராமப்பன் அண்ணனிடம், மார்க்கை வைத்து எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். எத்தனையோ பேர் பெயிலாகி நன்றாக இருக்கிறார்கள். பயப்படாமல் வேலைக்குப் போகச் சொல்லுங்கள். இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

ராசாத்தி


மத்திகிரி
27.3.2005

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ போன கடிதத்தை இவ்வளவு சின்னதாக எழுதியதால் உன் உடம்பை நினைத்துக் கவலை.

நீ சொன்னதை ராமப்பனிடம் சொன்னேன். "எம்பத்தேளு வாங்கினவரு நீங்க, சொல்லுவீங்க" என்று முடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. மகள் மாதேஸ்வரிக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். ஏப்ரல் இருபத்துநாலு, ஆனேக்கல் பக்கம் மாப்பிள்ளை. அந்தப் பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது, பதினெட்டு இன்னும் ஆகவில்லை. லேப் படிப்புக்குப் போக வேண்டும் என்று ஆசை. நம் சுப்ரியா மாதிரி. "நா போயிட்டா அந்தப் புள்ளைய யாரு பாக்கறது? நா இருக்கறப்பவே ஒருத்தன் கையில குடுத்துடறேன்" என்கிறார். அவர் மனைவி நாராயணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மார்க்க மறுபடி திருத்தச் சொல்லி எழுதிப் போடலாமா மாமா?" என்று கேட்டது. பரீட்சைப் பேப்பருக்குப் போடுவார்களே, அது மாதிரி.

என்ன செய்வது ராசாத்தி? ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டால் மார்க்கைக் கூட்டிப் போடுவார்களா? சுப்ரியாவைக் கேட்டு எழுது.

அண்ணன்,
வெள்ளைச்சாமி


ராஜபாளையம்
2.4.2005

என் அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று தைரியம் இல்லை. பண்ணை வேலி ஓரம் எங்கேயாவது உட்கார்ந்து இதைப் படியுங்கள்.

அந்த மார்க் தலைகீழ். கூட வாங்கினால் நல்லது இல்லை, குறைய வாங்கினால்தான் நல்லது. நெஞ்சு எவ்வளவு அடிபட்டது என்று ரத்தம் சொல்கிற அளவு அது. ராமப்பன் அண்ணன் பாஸ். அவருக்கு ஒரு குறையும் இல்லை. பெயிலானது நீங்கள்.

டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். சுப்ரியா எழுதிய கடிதத்தையும் இதில் வைத்திருக்கிறேன். பத்து வருஷம் முன்னால் சர்க்கரை என்று சொன்னதற்கு நான்கு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் படுத்தவர் நீங்கள். இதைச் சொன்னால் நோய் கொல்வதற்கு முன் பயம் கொன்றுவிடும் என்று பயந்தேன். அதனால்தான் திருஷ்டி, பரிகாரம் எல்லாம். பரிகாரம் சொன்ன ஆள் யாரும் இல்லை, நான்தான். அன்றைக்குப் பன்னிரண்டை அப்பாவிடம் ஒளித்தேன், இன்றைக்கு எண்பத்தேழை உங்களிடமே ஒளித்தேன்.

ஒளித்தது உங்களை மட்டும் தொட்டிருந்தால் சாகிறவரை வாய் திறந்திருக்கமாட்டேன். ஒரு பெண்ணின் படிப்பு போகிறது. இங்கே மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையை நான் விற்கக் கூடாது அண்ணா. உங்களிடம் சொல்லவும் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

தொரப்பள்ளிக்குப் போய்ச் சொல்லுங்கள். என்னைத் திட்டி எழுதுங்கள். எதையாவது எழுதுங்கள்.

ராசாத்தி


ராஜபாளையம்
16.4.2005
(அஞ்சலட்டை)

அண்ணா, பதினான்கு நாள் ஆகிறது. சுப்ரியா உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தாள். மதினி வந்து, நன்றாகத்தான் இருக்கிறார், தினமும் எங்கேயோ போகிறார், சொல்லமாட்டேன் என்கிறார் என்றாராம். நலம் என்று ஒரு சொல் போதும். தபால்காரர் வருகிற நேரம் நான் வாசலை விட்டு நகர்வதில்லை. ரா.


மத்திகிரி
22.4.2005

தங்கை ராசாத்திக்கு,

நலம். இந்தா, நீ கேட்ட ஒரு சொல். மற்றதையும் எழுதுகிறேன்.

வேலி ஓரம்தான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்திருக்கத் தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு அடிபட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஐந்து மாதம் என்னைச் சுமந்திருக்கிறதே என்று நினைத்தேன். உன்னை மாதிரி அதுவும் ஒளித்து வைத்திருக்கிறது. பயம் வந்தது ராசாத்தி, பொய் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் படுத்துவிடுவேன் என்று தெரிந்தது. அதனால் வீட்டுக்குப் போகாமல் தொரப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

ராமப்பன் நம்பவில்லை. "எங்க மனசு ஆறணும்னு சொல்றீங்கண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சுப்ரியா கடிதத்தைப் படித்துக் காட்டினேன், அதையும் நானே எழுதிக்கொண்டு வந்திருப்பேன் என்றார். நான்கு நாள் நடந்தேன். கேட்கவில்லை. தப்பான பாடம் சொன்ன வாத்தியார் நான்தானே, அந்தப் பாடம் மட்டும் அவருக்கு அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. கடைசியில் பெங்களூருக்கே இரண்டு பேரும் போனோம். டாக்டர் ஊரில் இல்லை, பதினெட்டாம் தேதிதான் வந்தார். அதற்கு முன்னால் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டர் கன்னடத்தில் அவருக்கு எல்லாம் சொன்னார். ராமப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழைத்தேன் என்று தெரிந்ததும் மனுஷன் சிரிப்பான் என்று நினைப்போம் இல்லையா? அவர் என்னைப் பார்த்து அழுதார். "அப்ப நீங்கண்ணா?" என்றார். தெரிந்துகொண்ட நிமிஷத்தில் தன் உயிரைவிட அடுத்தவன் உயிருக்கு அழ ஒரு ஆளால் முடிகிறது. அதை நான் பார்த்தேன்.

கல்யாணம் நின்றுவிட்டது. ஆனேக்கல்காரர்கள் சத்தம் போட்டார்கள், போகட்டும். மாதேஸ்வரி பரீட்சை எல்லாம் எழுதி முடித்துவிட்டது.

என்னைப் பற்றி டாக்டர், "இப்ப செய்யறதையே செய்யுங்க" என்றார். இப்போது செய்வதெல்லாம் நீ சொன்ன பரிகாரம். உன்னைத் திட்ட நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், இங்கே வந்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நாளைக்கும் நடக்கப் போகிறேன்.

அண்ணன்,
பெயிலான வெள்ளைச்சாமி


மத்திகிரி
19.11.2009

அன்புத் தங்கை ராசாத்திக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் பேரன் தவழ்கிறானாமே. அவன் அழுகை கேட்பதற்காகவாவது அந்த மெஷினைப் பீரோவிலிருந்து எடு.

நேற்று ஐந்து வருஷக் கடைசிப் பரிசோதனை. நானும் ராமப்பனும் போனோம். டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் இரண்டு கோடு. மேலே ஒன்று, மார்க் குறைந்தவர்கள். கீழே ஒன்று, எங்கள் கூட்டம். கீழ்க்கோடு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. ஒவ்வொரு படியும் போய்விட்ட ஒரு ஆள் என்றார். முதல் வருஷத்திலேயே எத்தனை படி ராசாத்தி. எண்ண ஆரம்பித்தேன், முடியவில்லை. என்னோடு அதே கூடத்தில் படுத்திருந்தவர்கள், சிஸ்டரைக் கூப்பிட்டவர்கள், கஞ்சி வேண்டாம் என்றவர்கள். கடைசிப் படிக்கு அப்புறம் கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போகிறது. "அங்க நிக்கறவங்கள்ல நீங்க ஒருத்தர்" என்றார். எனக்கு அந்தத் தாளைக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். ராமப்பனும் கும்பிட்டார், அவர் மேல்கோடு.

ஏன் நான் நிற்கிறேன் என்று கேட்டேன். டாக்டருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாத்திரை, நடை என்று நான்கைந்து சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மூன்று மைல் தினமும் யாருக்குப் பயந்து நடந்தேன் என்று அந்தத் தாளில் எழுத இடம் இல்லை.

மாதேஸ்வரி இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். ரிப்போர்ட்டை அவளிடம்தான் காட்டினோம். அதே மார்க்கரை மறுபடி பார்த்திருக்கிறார்கள். ஒருதரம் படித்தாள், இன்னொருதரம் படித்தாள். "ரெண்டு பேருக்கும் முட்டைங்க மாமா" என்றாள். கசிவே இல்லை. பூஜ்யம். அப்பாவுக்கும் எனக்கும் ஒரு லட்டை இரண்டாகப் பிட்டுக் கொடுத்தாள், சர்க்கரை இருக்கிறது என்று பாதிக்கு மேல் தரவில்லை.

ஆயுசில் முட்டை வாங்கி லட்டு சாப்பிட்டவன் நானாகத்தான் இருப்பேன். இந்தப் பேப்பரை அரிசிப் பானைக்குள் ஒளிக்க வேண்டாம். தெரு முழுக்கச் சொல்லு. முட்டை வாங்கினவன் மேல் யார் கண்ணும் படாது.

உன் அண்ணன்,
வெள்ளைச்சாமி